முகத்தலும் நிறுத்தலும் : தமிழர் உணவுப்பொருள் அளவை மாற்று

அடுக்களையில் இடம்பெறும் உலர்பொருள்களை அளப்பதற்குத் தமிழர் தொன்றுதொட்டு இருவகை அளவைகளைக் கையாண்டு வந்துள்ளனர். ஒன்று, கலத்தால் முகந்து அளக்கும் முகத்தலளவை. மற்றொன்று, கோலில் இட்டு எடை காணும் நிறுத்தலளவை. இவ்விரண்டனுள் ஒன்றால் அளந்த பொருளை மற்றொன்றன் கணக்கில் கூறவேண்டிய நிலை, விற்போர்க்கும் வாங்குவோர்க்கும், கோயிற் கணக்கர்க்கும், சமையல் நூல் எழுதுவோர்க்கும், கல்வெட்டைப் படித்து உரை காண்போர்க்கும் ஒருங்கே நேர்வதாகும். ஒரு படி எத்தனை கிராம் என வினவுதல் எளிது. எப்பொருளின் படி, எவ்வூர்ப் படி, எவ்வாறு அளந்த படி என்னும் மூன்றும் அறியாதார் அவ்வினாவிற்கு விடை கூறுதல் இயலாது. இதனை இலக்கணம், இலக்கியம், கல்வெட்டு, கணக்கு வாய்பாடு ஆகிய நால்வகைச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இலக்கண நூலார் கண்ட பாகுபாடு

தொல்காப்பியர் அளவு, நிறை என்னும் இரு சொற்களையும் வேறு வேறு பொருளவாக ஆளுகின்றார். அவர் வழக்கில் அளவு என்பது பெரும்பாலும் முகத்தலையே குறிக்கும். நிறை என்பது எடையைக் குறிக்கும். எழுத்ததிகாரத்துத் தொகைமரபில், அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் மொழிமுதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என வரையறுக்கின்றார். இவ்விடத்து உரையாசிரியராகிய இளம்பூரணர் காட்டும் எடுத்துக்காட்டுகள் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவன. கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன அளவுப் பெயர்கள். கழஞ்சு, சீரகம், தொடி, பலம், நிறை, மா, வரை, அந்தை என்பன நிறைப் பெயர்கள்.

இவ்விரு வரிசைகளையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதல் வரிசையில் உள்ளவற்றுட் பல, வீட்டில் வழங்கும் கலங்களின் பெயர்கள். சாடியும் பானையும் மண்டையும் அகலும் முதற்கண் ஏனங்கள், பின்னரே அளவைகள். இரண்டாம் வரிசையிலோ சீரகம் போன்ற வித்தின் பெயர் காணப்படுகின்றது. குன்றிமணியும் மஞ்சாடியும் பிற்கால நிறை வாய்பாடுகளில் அடிப்படை அலகுகளாக நிற்பதும் இதனோடு ஒத்ததே. எனவே முகத்தலளவை கலத்தினின்றும், நிறுத்தலளவை வித்தினின்றும் தோன்றின எனக் கொள்ளலாம். தோற்றுவாய் வேறாகிய இரு முறைகளுக்கிடையே இயல்பான ஒப்பு எண் ஒன்று இல்லாமை வியப்பன்று.

சொல்லதிகாரத்தில் ஆகுபெயர் கூறுமிடத்தும் அளவும் நிறையும் தனித்து எடுத்தோதப்படுகின்றன. நன்னூல் உரையாளர் இதனை விரித்து, எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையாகுபெயரை நான்காக வகுத்தனர். ஒருவன் ‘இரண்டு படி கொடு’ என்னும்போது கொடுக்கப்படுவது படியாகிய கலமன்று. அதனுள் அடங்கிய பொருளே. ஆகவே, படி என்னும் சொல் பொருளின் பெயரைத் தன்னுள் மறைத்து நிற்கின்றது. அம்மறைந்த பெயரை வெளிக்கொணராமல் படியை எடையாக மாற்ற இயலாது என்பது இவ்விலக்கணத்தினின்றே பெறப்படும்.

2. இலக்கியச் சான்றுகள்

சங்க இலக்கியத்தில் உணவுக்கு நாழியே பெருவழக்கான அளவை. நக்கீரனார் புறநானூற்று 189ஆம் பாட்டில் அரசனுக்கும் எளியோனுக்கும் உணவு ஒத்த அளவினதே எனக் கூறுமிடத்து நாழியையே சுட்டுகின்றார்.

அகநானூற்று 140ஆம் பாட்டில் அம்மூவனார் உமணரின் உப்பு வாணிகத்தைக் காட்டுகின்றார். ஆண்டு உப்பு விற்கும் மகள் நெல்லுக்கு உப்பு நேர் என விலை கூறிச் செல்கின்றாள். இந்நேர் எதன் நேர் என்பது ஆராயற்பாலது. தெருவில் நடந்து விற்பவள் கோல் தூக்கி நிறுத்தாள் என்பதும், நெல் முகந்து அளக்கப்படும் பொருள் என்பதும் கருதின், ஒரு கலம் நெல்லுக்கு அதே கலத்தால் ஒரு முறை முகந்த உப்பு என்று கொள்வதே பொருந்தும். அங்ஙனமாயின் எடையால் அது நேராகாது. உமியொடு கூடிய நெல் ஒரு லிட்டருக்கு 550 முதல் 600 கிராம் வரையே நிற்கும். கல்லுப்போ ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் நிற்கும். முகத்தலால் ஒத்த மாற்றம் நிறுத்தலால் ஒன்றுக்கு இரண்டாக நெருங்குகின்றது. நேர் என்ற ஒரு சொல்லை எடை எனக் கொண்டு அக்கால விலையைக் கணக்கிடுவார், உப்பின் மதிப்பை இருமடங்காக உயர்த்திவிடுவர். பாட்டின் பொருளை அளவையறிவு திருத்தும் இடம் இது.

திருக்குறள் உழவு அதிகாரத்து 1037ஆம் குறளில், ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி காயவிடுதல் கூறப்படுகின்றது. தொடி என்பது பலம்; கஃசு என்பது அதன் காற்கூறு. இங்கு வள்ளுவர் நிறையை எடுத்துக்கொண்டது காரணம் பற்றியது. மண் உலரும்போது அதன் ஈரம் போகின்றது, அப்போக்கினைக் கலம் காட்டாது, கோலே காட்டும். உலர்பொருள் எனினும் அதனுள் எஞ்சிய ஈரம் எடையை மாற்றும் என்னும் இவ்வுண்மை புதுநெல், பழநெல், உப்பு, புளி முதலியவற்றுக்கும் பொருந்தும்.

3. கல்வெட்டுகளிற் காணும் வழக்கு

எப்பொருளை முகந்தனர், எப்பொருளை நிறுத்தனர் என்பதற்குக் கோயிற் கல்வெட்டுகளினும் சிறந்த சான்று இல்லை. பாண்டியன் வரகுணனது அம்பாசமுத்திரக் கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டினது. அதில் இளங்கோக்குடித் திருப்போத்துடைய பட்டாரகர்க்கு 290 காசு முதலாக வைக்கப்பட்டு, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு இரு கலம் நெல் பொலியாக, 580 கலம் நெல் வரும் வகை செய்யப்பட்டுள்ளது. நாள்தோறும் படைக்கவேண்டிய அமுதின் பொருள்கள் அதில் நிரல்படக் கூறப்படுகின்றன. அரிசியும் பருப்பும் நெய்யும் தயிரும் முகத்தலளவையால் குறிக்கப்படுகின்றன. சர்க்கரையும் கறிக்காயும் பலத்தால் நிறுக்கப்படுகின்றன. வாழைப்பழம் எண்ணப்படுகின்றது. மிளகு, சீரகம் முதலிய காயம் செவிடு என்னும் மிகச் சிறிய முகத்தலளவையால் அளக்கப்படுகின்றது.

இப்பாகுபாட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. கலத்தில் ஊற்றினாற்போல ஒழுகி நிரம்பும் மணிகளும் நீர்மங்களும் முகக்கப்பட்டன. கட்டியாகவோ துண்டாகவோ நின்று, இடையே வெற்றிடம் விடும் பொருள்கள் நிறுக்கப்பட்டன. சர்க்கரை என்பது அக்காலத்தில் வெல்லக்கட்டி. அதனை நாழியால் அளத்தல் கூடாது. கறிக்காய்க்கும் அஃதே. முழுதாய் உள்ளவை எண்ணப்பட்டன. ஆகவே நம் முன்னோர் ஒரு பொருளுக்கு ஏற்ற அளவையைப் பொருளின் வடிவு நோக்கித் தேர்ந்தனர் என்பது தெளிவு.

இருவகை அளவைகளையும் இணைக்க அவர்கள் கண்ட பாலம் நெல்லே. பலக் கணக்கிலுள்ள சர்க்கரைக்கும் செவிட்டுக் கணக்கிலுள்ள மிளகுக்கும் இத்துணை நாழி நெல் என விலை வகுத்து, முடிவில் யாவற்றையும் நெல்லாகக் கூட்டிக் கலக்கணக்கில் எழுதுதல் சோழர் கல்வெட்டுகளிற் பெருவழக்கு. நெல் விலைப் பொருளாகவும் அளவைப் பொருளாகவும் ஒருங்கே நின்றது.

நெல்லை அரிசியாக மாற்றும் விகிதமும் கல்வெட்டுகளில் வரையறுக்கப்பட்டது. முதலாம் இராசராசன் (985 - 1014) காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஐஞ்சிரண்டு வண்ணம் என்னும் வழக்கு வருகின்றது. ஐந்து முகத்தல் நெல்லுக்கு இரண்டு முகத்தல் அரிசி என்பது அதன் பொருள். இவ்விகிதத்தை இக்கால அறிவு கொண்டு சோதித்தல் இயலும். ஒரு லிட்டர் நெல் 580 கிராம் எனக் கொள்வோம். உமியும் தவிடும் போக நெல்லின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு அரிசியாக எஞ்சும். அஃதாவது 390 கிராம். அரிசி லிட்டருக்கு 800 கிராம் அளவில் நிற்பதால், இஃது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகும். ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டரை நாழிக்குச் சற்றுக் குறைந்த அரிசி கிடைத்தல் வேண்டும். கல்வெட்டோ இரண்டு நாழி என்கின்றது. உரலிற் குத்துங்கால் நொறுங்கும் குறுநொய், நன்கு தீட்டுதலாற் போகும் தவிடு ஆகியவற்றிற்கு இவ்வேறுபாட்டில் இடம் வைக்கப்பட்டது எனக் கருதுதல் தகும். எடையால் மூன்றுக்கு இரண்டாக நிற்பது முகத்தலால் ஐந்துக்கு இரண்டாகின்றது. இவ்விரு விகிதங்களையும் மயங்குவார், தேவரடியார்க்கும் பிறர்க்கும் அளிக்கப்பட்ட நெல்லினின்று அவர் உண்ட அரிசியைப் பிழைபடக் கணிப்பர்.

இன்னும் ஒன்று. தஞ்சைக் கல்வெட்டுகள் வெறுமனே மரக்கால் என்று கூறி அமையவில்லை. ஆடவல்லான் என்னும் மரக்கால் எனப் பெயர் கூறுகின்றன. அஃது இராசகேசரி என்னும் அளவோடு ஒக்கும் என்றும் உரைக்கின்றன. பொன் நிறுத்த கல்லும் ஆடவல்லான் எனப் பெயர் பெற்றது. மணிகள் நிறுத்த கல் தக்ஷிணமேரு விடங்கன் எனப்பட்டது. அளவைக்குப் பெயரிடுதல் அணி பற்றியதன்று, அறம் பற்றியது. என்றும் நின்று நடக்கவேண்டிய அறக்கட்டளையில், மரக்கால் சுருங்கின் கட்டளையும் உடன் சுருங்கும் என்பதை அறிந்தே பெயரும் ஒப்பும் கல்லில் வெட்டப்பட்டன.

4. வாய்பாடுகளும் மணிக்கணக்கும்

கணக்கதிகாரம் முதலிய கணக்கு நூல்களின் வழியிலும் திண்ணைப் பள்ளி வாய்பாடுகளிலும் வழங்கிய முகத்தலளவை வருமாறு: 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். இவ்வழி ஒரு நாழிக்கு 14,400 நெல் ஆகின்றது. படி என்பதும் இந்நாழியையே குறிப்பதாக வாய்பாடு கொள்ளும்.

இதனோடு, ஒரு படி கொள்ளும் பல்வேறு மணிகளின் எண்ணும் வழிவழி வந்துள்ளது. அவரை 1,800, மிளகு 12,800, நெல் 14,400, பயறு 14,800, அரிசி 38,000, எள் 1,15,200 என்பன அவ்வெண்கள். ஒரே கலம் வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு எண் தரும் என்பதை முன்னோர் உணர்ந்து பட்டியல் இட்டனர் என்பதற்கு இது தக்க சான்று.

ஆயினும் இவ்வெண்கள் அனைத்தும் எண்ணிக் கண்டவை எனக் கொள்ளுதல் அரிது. 1,800ஐ எட்டால் பெருக்க 14,400 வரும்; அதனை மீண்டும் எட்டால் பெருக்க 1,15,200 வரும். அவரை, நெல், எள் என்னும் மூன்றும் எட்டு எட்டாக ஏறும் படிநிலையில் நிற்கின்றன. நாழிக்கு எட்டு ஆழாக்கு என்னும் முறையோடு இஃது இயைந்து, மனத்தில் இருத்தற்கு எளிதாக அமைக்கப்பட்ட கணக்கு என்றே தோன்றுகின்றது. மிளகு, பயறு, அரிசி ஆகியவற்றின் எண்கள் இவ்வேணியில் அடங்கவில்லை. அவை வேறு வழியாற் பெறப்பட்டிருத்தல் கூடும்.

நிறை வாய்பாட்டிலும் நெல் அடிப்படையாக வருவது கருதத்தக்கது. நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இதன்படி ஒரு நாழி நெல்லின் எடை 3,600 குன்றிமணி, அஃதாவது 1,800 மஞ்சாடி ஆகும். முகத்தலையும் நிறுத்தலையும் இணைக்கும் பாலம் வாய்பாட்டிலேயே உள்ளது. எனினும் அப்பாலம் நெல்லுக்கு மட்டுமே உரியது.

இதனை இக்கால எடையில் காண்போம். குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 0.12 கிராம். 3,600 குன்றிமணி 432 கிராம் ஆகும். நெல் லிட்டருக்கு 580 கிராம் எனக் கொண்டால், 432 கிராம் நெல் நிரம்பும் கலம் ஏறத்தாழ 745 மில்லிலிட்டர் கொள்ளும். ஆயிரம் நெல்மணி 25 கிராம் நிற்கும் என்னும் இக்காலக் கணக்கைக் கொண்டாலோ, 14,400 மணி 360 கிராம் ஆகி, கலம் 620 மில்லிலிட்டராகக் குறையும். இக்காலத்தில் பரவி வழங்கும் மாற்று அட்டவணைகள் ஒரு படியை 1.344 லிட்டர் என்றும், ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்றும் கூறுகின்றன. எவ்வாறு நோக்கினும் வாய்பாட்டு நாழி, அட்டவணைப் படியின் பாதியளவே ஆகின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? நாழி, படி என்னும் பெயர்கள் நின்றன, கலங்கள் மாறின. வாய்பாட்டின் உறவுமுறை, அஃதாவது இத்துணை உழக்கு இத்துணை நாழி என்பது, நிலைபெற்றது. அடிப்படைக் கலத்தின் கொள்ளளவோ இடந்தோறும் காலந்தோறும் வேறுபட்டது. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் வரும் நாழியை 1.344ஆல் பெருக்கி லிட்டராக்கி, அதனைக் கிராமாக மாற்றி, அக்காலத்தார் உணவின் அளவு இது என முடிபு கூறுதல் பொருந்தாது.

5. அளக்கும் கையும் அளவையின் அறமும்

கலமும் பொருளும் ஒன்றாயினும் அளக்கும் முறையால் அளவு வேறுபடும். தலைதட்டி அளத்தல் ஒன்று. குவித்து அளத்தல் மற்றொன்று. கலத்தைக் குலுக்கினாலும் தட்டினாலும் மணிகள் நெருங்கி, மேலும் கொள்ளும். வாயகன்ற கலத்தில் குவியல் பெரிதாகும்; வாய்குறுகிய கலத்தில் சிறிதாகும். ஆதலின் கொள்ளளவு ஒத்த இரு மரக்கால்கள் குவித்தளக்குங்கால் ஒவ்வாமை நேரும். மாவு முதலியவற்றில் இவ்வேறுபாடு இன்னும் மிகும்.

இது வெறும் கணக்குச் சிக்கலன்று. கூலியை நெல்லாகப் பெற்றோர்க்கு அது வயிற்றுச் சிக்கல். கொடுப்போன் கைக்கலமே அளவையாகும் இடத்தில், கூலியின் எண்ணிக்கை மாறாமலே கூலி குறைதல் கூடும். 1940ஆம் ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்து உழவுத் தொழிலாளர் எழுப்பிய கோரிக்கைகளுள் முத்திரை மரக்காலால் கூலி அளத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை நெல்லின் மரக்கால் கணக்கில் வரையறுத்தது. மரக்கால் இது என உறுதி செய்யாதவழி இத்துணை மரக்கால் என்னும் வரையறை பயனற்றது என்பதை ஆடவல்லான் மரக்காலை வெட்டுவித்தோரும் அறிந்திருந்தனர். கூலி கேட்டோரும் அறிந்திருந்தனர்.

6. மெட்ரிக் முறையும் அடுக்களையும்

1956ஆம் ஆண்டு இந்திய எடை, அளவைத் தரச்சட்டம் இயற்றப்பட்டது. 1958ஆம் ஆண்டு அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வந்து, 1962ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் எடைக்கு அவையே உரியன ஆயின. பலமும் வீசையும் மணங்கும் கடைத்தெருவை விட்டு அகன்றன. சென்னை வழக்கில் பலம் மூன்று தோலா, அஃதாவது ஏறத்தாழ 35 கிராம். வீசை 40 பலம், ஏறத்தாழ 1.4 கிலோ கிராம். நிறுத்தலளவையிலிருந்து நிறுத்தலளவைக்கு மாறுதல் ஒரு பெருக்கலால் முடிவது. முகத்தலளவை அங்ஙனமன்று. முன்னர்ப் படியால் விற்ற அரிசியும் பருப்பும் இப்போது கிலோ கிராமால் விற்கப்பட்டன. அளவைமுறையே வேறாயிற்று. ஆயினும் வீட்டில் அரிசி இன்றும் ஆழாக்காலோ குவளையாலோதான் அளக்கப்படுகின்றது. வாங்குவது நிறுத்தலாலும் சமைப்பது முகத்தலாலும் ஆக, மாற்றுக் கணக்கு ஒவ்வோர் அடுக்களைக்கும் உரியதாயிற்று.

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951ஆம் ஆண்டு, இச்சட்டத்திற்கு ஐந்தாண்டு முன்னர் வெளிவந்தது. அக்காலத்திலும் அதற்கு முன்னரும் எழுந்த சமையற் குறிப்புகளை இன்று படிப்போர், ஆழாக்கு 168 மில்லிலிட்டர் எனக் கண்டு, அதனையே 168 கிராம் எனக் கொள்ளுதல் பரவலான பிழை. நீருக்கு மட்டுமே அது பொருந்தும். 168 மில்லிலிட்டர் கொள்ளும் ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் பச்சரிசியும் உளுத்தம்பருப்பும் 135 முதல் 140 கிராம் அளவில் நிற்கும். சீனி 140 கிராமை ஒட்டி நிற்கும். ரவை 115 கிராம் அளவினது. கோதுமைமாவு, அழுத்தாது அளப்பின், 90 முதல் 100 கிராமே. தூளுப்பு 200 கிராம் வரை செல்லும். பொரியோ 20 கிராமைத் தொடுதலும் அரிது. உப்பையும் மாவையும் ஓர் எண்ணால் மாற்றுவார் உணவைக் கெடுப்பர்.

ஈண்டு வேறொன்றும் கருதத்தக்கது. இட்டலிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது போன்ற விகிதங்கள் கலத்தின் அளவைச் சார்ந்தன அல்ல. எந்த ஆழாக்காயினும் எல்லாவற்றையும் அதனாலேயே அளப்பின் விகிதம் பிழையாது. அரிசியும் உளுந்தும் லிட்டருக்கு ஏறத்தாழ ஒத்த எடையின ஆதலின், அவ்விகிதம் நிறுத்தலாலும் பெரிதும் மாறாது. ஒரு குறிப்பில் சில பொருள் முகத்தலாலும் சில நிறுத்தலாலும் கூறப்படுமிடத்தே கலத்தின் உண்மையளவு தேவைப்படுகின்றது. அம்பாசமுத்திரக் கல்வெட்டின் அமுதுப்பட்டியும் அத்தகைய கலப்புக் குறிப்பே.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: முகத்தலும் நிறுத்தலும் தோற்றத்தால் வேறாயவை; இலக்கண நூலார் அவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டனர். பொருளின் வடிவு நோக்கி அளவையைத் தேர்ந்ததும், நெல்லைப் பாலமாக்கி இரண்டையும் இணைத்ததும் கல்வெட்டுக் காலத்துக் கணக்கரின் திறன். வாய்பாட்டு எண்கள் உறவுமுறையைக் காப்பன. கொள்ளளவைக் காப்பன அல்ல. ஆகவே பழம் அளவையை இக்கால எடையாக மாற்றுவோர், பொருளின் பெயர், கலத்தின் பெயர், அளந்த முறை ஆகிய மூன்றையும் முதற்கண் துணிந்து, பின்னரே எண்ணை எழுதுதல் வேண்டும். அம்மூன்றும் கிடையாத இடத்து, நாழியை நாழியென்றே எழுதி அமைதல் பிழைபட்ட கிராமினும் சாலச் சிறந்தது. கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிடுவோரும், பழைய சமையற் குறிப்புகளைப் புதுக்கி அச்சிடுவோரும் இம்முறையை மேற்கொள்வராயின், முன்னோர் உண்ட உணவையும் அவர் அளித்த கொடையையும் அவர் பெற்ற கூலியையும் உள்ளவாறே நாம் அறிதல் கூடும்.